போர்வைக்குள் போகத் தெரியாதவர்கள்

காலை ஏழரை மணிக்கு தவளக்குப்பம் சந்திப்பில் நின்று பாருங்கள். கடலூர் பக்கத்திலிருந்து வருகிற பஸ் ஒவ்வொன்றும் ஏற்கெனவே நிரம்பித்தான் வரும். அதற்கப்புறமும் இடையார்பாளையம், நோணாங்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் என்று ஊருக்கு நாலு பேரை அடைத்துக்கொண்டு புதுவை பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்.

சில வருடங்களுக்கு முன்னால் அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் நிற்பான். டிக்கெட் காசை சரியாக எண்ணி உள்ளங்கையில் மூடி வைத்திருப்பான். சில்லறை சரியாக இருந்தால் கண்டக்டரிடம் பேச வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். "பாண்டி". பாக்கி கேட்க வேண்டாம், கொடுக்க மறந்துவிட்டார் என்று ஞாபகப்படுத்த வேண்டாம். அதற்காகத்தான் முதல் நாள் இரவே அந்த ஏற்பாடு!

அவன் பெயர் இங்கே வேண்டாம். பெயரைச் சொன்னால் இன்னும் கூச்சப்படுவான்.

அவன் போய்க்கொண்டிருந்தது காலாப்பட்டில் இருக்கிற புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு. 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம். கணக்கில் ஐந்து வருட ஒருங்கிணைந்த எம்.எஸ்ஸி. கிடைத்திருந்தது. அப்பா கொத்தனார். வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதிக்கிற முதல் ஆள் அவன்தான். சேர்க்கைக் கடிதம் வந்த அன்று ஆயா தெருவில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தாள். பையன் பின்கட்டில் போய் ஒளிந்துகொண்டான். யாராவது வந்து வாழ்த்துச் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லையாம்.

தவளக்குப்பத்திலிருந்து காலாப்பட்டு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். அந்த இரண்டாவது பஸ் ஈ.சி.ஆரில் வடக்கே போகும்போது கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழையும். பொம்மையார்பாளையம் தாண்டி காலாப்பட்டு வந்ததும் மறுபடி புதுச்சேரிக்குள் வரும். பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனாலும் அவர்கள் காலத்து எல்லைக்கோடு இன்னும் அப்படியே துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. பஸ்ஸில் தூங்குகிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவன் தூங்க மாட்டான். அவனுக்கு எல்லை தாண்டுகிற மாதிரியேதான் இருக்கும். இருபது கிலோமீட்டர்தான்... ஆனால் வெளிநாடு போகிற பயம்.

முதல் நாள். எல்லா கல்லூரியிலும் நடக்கிற அதே சடங்கு. ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், பிடித்த விஷயம் மூன்றையும் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில். கேரளா, ஆந்திரா, ஒடிசா, பீகார் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் இருந்தார்கள். சிலர் கிண்டலாகப் பேசினார்கள், ஒரு பெண் இரண்டு வரி பாடவே பாடிவிட்டாள். அவன் தமிழ் வழியில் படித்தவன். மூன்று வாக்கியத்தையும் முருங்கப்பாக்கத்திலிருந்து காலாப்பட்டு வரைக்கும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தான். முறை வந்தது. எழுந்தான். பெயரைச் சொன்னான். ஊர்ப் பெயரைச் சொன்னதும் முன் பெஞ்சிலிருந்து யாரோ திரும்பி "எந்த ஊர்?" என்று கேட்டார்கள். 'தவளக்குப்பம்' அவர்களுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கேள்வியில் மிச்சம் இருந்த வாக்கியமெல்லாம் ஆவியாகிவிட்டது. உட்கார்ந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் வீடு வந்து சேரும் வரைக்கும் அவன் காதில் வகுப்பே சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உண்மையில் யாராவது சிரித்தார்களா? அதற்குப் பின்னால் வருவோம்.

கூச்சம் என்பது மேடையில் பேச வராதது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது ஒரு நாளில் நூறு சின்னச் சின்ன இடத்தில் காலை வாரும். கேன்டீனில் டோக்கன் எங்கே வாங்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டால் முடிந்துபோகிற விஷயம். கேட்க முடியாததால் முதல் மாதம் முழுக்க கேன்டீன் பக்கமே போகவில்லை. அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டை ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டான். டிபன் மறந்துபோன நாளில் தண்ணீர்தான்.

ஒரு மத்தியானம் பஸ்ஸில் பல்கலைக்கழக வாசலில் இறங்க வேண்டியவன் அவன் ஒருவன் மட்டும்தான். காலையில் என்றால் கும்பலாக இறங்குவார்கள், பின்னாலேயே இறங்கிவிடலாம். அன்று அவன்தான் "இறங்கணும்" என்று குரல் கொடுக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. வாசல் போய்விட்டது. அடுத்த ஸ்டாப்பில் வேறு யாரோ இறங்க, அவனும் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தான். சிரிப்பாக இருக்கிறதா? இப்படி நடந்தவர்கள் படித்தால் சிரிக்க மாட்டார்கள்.

இன்னொரு கூத்து. இரண்டாம் வருட மாணவர் ஒருவர் தூரத்திலிருந்து "தம்பி, இங்க வா" என்று கூப்பிட்டார். ராகிங்தான் என்று முடிவு செய்துவிட்டான். அம்மா அந்த பயத்தை நிறையவே ஊட்டி அனுப்பியிருந்தாள். 1996-ல் சிதம்பரத்தில் முதல் வருட மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை இந்தப் பக்கத்து அம்மாக்கள் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-ல் யு.ஜி.சி. நாடு முழுக்க விதிமுறைகளே போட்டது. ஆக அந்த பயம் வெட்டி பயம் இல்லை. ஆனால் அந்த அண்ணன் கூப்பிட்டது எதற்குத் தெரியுமா? அவரும் அரியாங்குப்பம் பக்கம். எந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸில் கூட்டம் குறைவு என்று சொல்லத்தான்! இது தெரியாமல் நம்ம ஆள் ஒரு வாரம் வேறு வழியாகச் சுற்றிச் சுற்றி வகுப்புக்குப் போனான்.

வீட்டில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது.

"ஃபிரெண்டு யாரும் புடிச்சியாப்பா?" என்று அம்மா தினமும் கேட்பாள். முதல் வாரம் "ம்" என்றான். அம்மா விடவில்லை. "பேரு என்ன?" வருகைப்பதிவு எடுக்கும்போது காதில் விழுந்த இரண்டு பெயரைச் சொன்னான். அந்த இரண்டு பேரோடும் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்கப்புறம் அம்மா அந்தப் பெயர்களை வைத்தே விசாரிக்க ஆரம்பித்தாள். "அந்தத் தம்பிக்கு ஜுரம்னியே, தேவலையா?" அவனும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். பொய் சொல்கிறோமே என்பதை விட, அம்மா அந்த இல்லாத சிநேகிதர்களுக்காகச் சேர்த்து இரண்டு அதிரசம் கட்டிக் கொடுத்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அந்த அதிரசத்தையும் மரத்தடியில் அவனேதான் சாப்பிட்டான்.

அக்டோபரில் ஒரு முடிவுக்கு வந்தான். தவளக்குப்பத்திலேயே ராஜீவ் காந்தி அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். பஸ் வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், "எந்த ஊர்?" என்கிற கேள்வி வேண்டாம். படிப்பை விட்டுவிட்டு அடுத்த வருடம் அங்கே சேர்ந்துவிடலாம். அந்தக் கல்லூரி எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. அவன் தெருப் பையன்களும் பெண்களும் அங்கே நன்றாகப் படித்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் அவன் அங்கே போக நினைத்தது படிக்க அல்ல, ஒளிந்துகொள்ள. அந்த வித்தியாசம் அவனுக்கே தெரிந்திருந்தது. இருந்தும் டி.சி. கேட்டு ஒரு கடிதம் எழுதி, மடித்து, நோட்டுக்குள் வைத்துக்கொண்டான். கொடுக்கவும் யாரிடமாவது போய்ப் பேச வேண்டுமே! அதனால் கடிதம் நோட்டிலேயே இருந்தது. (கூச்சத்தால் அவனுக்கு நடந்த ஒரே நல்லது இது!)

மத்தியானம் ஒளிந்துகொள்ள அவனுக்குக் கிடைத்த நல்ல இடம் நூலகம். அங்கே பேசக் கூடாது என்பதே விதி. அதைவிட வேறென்ன வேண்டும்! அந்த நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளை பெயர் வைத்திருக்கிறார்கள். துய்ப்ளெக்ஸின் துபாஷியாக இருந்து, 1736-லிருந்து 1761-ல் இறக்கிற வரைக்கும் ஊரில் நடந்ததையெல்லாம் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைத்த அதே புதுவைக்காரர்தான்.

அவன் படித்த கணிதப் புலத்துக்கும் ஒரு பெயர் உண்டு. ராமானுஜன் கணித அறிவியல் புலம். தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போவான். ராமானுஜன் என்றால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்துப் பாடம்தான். பெரிய மேதை, கும்பகோணம், 1729. ஒரு நாள் நூலக அலமாரியில் ராபர்ட் கனிகல் எழுதி 1991-ல் வெளிவந்த ராமானுஜன் வாழ்க்கை வரலாறு கண்ணில் பட்டது. தடி புத்தகம், ஆங்கிலம். ஆனால் புத்தகம் "எந்த ஊர்?" என்று கேட்காது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு பக்கம் என்று ஆரம்பித்தான்.

பள்ளிப் பாடத்தில் இல்லாத ஒரு ராமானுஜன் அதில் இருந்தார்.

1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்கிறார். கணக்கைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. உதவித்தொகை போய்விடுகிறது. 1905 ஆகஸ்டில் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிப் போய்விடுகிறார். திரும்பி வந்து 1906-ல் சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்கிறார். எஃப்.ஏ. தேர்வில் கணக்கில் அசத்திவிட்டு மற்ற பாடங்களில் கோட்டை விடுகிறார். அடுத்த வருடம் மறுபடி எழுதியும் தேறவில்லை. எந்த மேதையின் பெயர் பலகையில் இருக்கிறதோ, அந்த மேதைக்கே கல்லூரி முதல் வருடம் இரண்டு தடவை ஊற்றிக்கொண்டிருக்கிறது!

தேறாததற்குக் காரணம் கூச்சம் இல்லை. மற்ற பாடத்தைப் படிக்கவில்லை, அதுதான் காரணம். ஆனால் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ரயிலேறிப் போனார் பாருங்கள், அந்த இடத்தில் அவன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நோட்டுக்குள் இருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அடுத்த பகுதி கேம்பிரிட்ஜ். 1914 மார்ச் 17-ம் தேதி சென்னையில் கப்பல் ஏறி ஏப்ரல் 14-ம் தேதி லண்டனில் இறங்குகிறார். 26 வயது. குடுமியை எடுத்தாகிவிட்டது, பழக்கமில்லாத ஷூ காலைக் கடிக்கிறது, சைவச் சாப்பாட்டுக்காகத் தானே சமைத்துக்கொள்கிறார். பக்கத்தில் கிங்ஸ் கல்லூரியில் மகலனோபிஸ் என்று ஒரு வங்காளி மாணவர். (பின்னால் 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர் இவர்தான். இவர் பிறந்த ஜூன் 29-தான் இப்போது தேசியப் புள்ளியியல் தினம்.) ராமானுஜன் கொஞ்சம் கூச்சமும் அமைதியும் கொண்டவர், கண்ணியமானவர் என்று மகலனோபிஸ் பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார்.

குளிர் ஆரம்பித்த நாட்களில் ஒரு நாள் அவர் ராமானுஜன் அறைக்குப் போகிறார். ராத்திரி தூக்கம் எப்படி என்று விசாரிக்கிறார். குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்கிறார் ராமானுஜன். போர்வை போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்க்கிறார். போர்வைகள் நிறையவே இருக்கின்றன! ஆங்கிலேயர் வழக்கப்படி அவற்றை மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்குள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்குத் தெரியவில்லை. தினமும் அத்தனை போர்வைக்கும் மேலே படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார். மகலனோபிஸ் போர்வையை விலக்கி எப்படி உள்ளே போவது என்று காட்டிக் கொடுக்கிறார். அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தை அவன் மூன்று தடவை படித்தான்.

ஹார்டி மாதிரி கணித மேதையே வியந்துபோன மூளை அது. போர்வை எப்படி என்று யாரையாவது கேட்டிருந்தால் அரை நிமிஷ வேலை. கேட்கவில்லை. கேன்டீன் டோக்கன் கதையும் இதேதானே? தனக்கு மட்டும்தான் எதுவும் தெரியவில்லை, மற்ற எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறவன் கேட்க மாட்டான். வேறு யாராவது வந்து உள்ளே எட்டிப் பார்த்தால்தான் உண்டு.

இன்னொன்றும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. 1916-ல் ராமானுஜன் தன் அறைக்கு மூன்று பேரை விருந்துக்கு அழைக்கிறார். தானே சமைத்த ரசத்தை ஊற்றுகிறார். இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டவர்கள் மூன்றாம் தடவை வேண்டாம் என்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணவில்லை! சமையல் பிடிக்கவில்லை என்று நினைத்து மனம் நொந்து, ஒன்றும் சொல்லாமல் வெளியேறி ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டார். சில நாள் கழித்துத்தான் திரும்பினார். விசாகப்பட்டினத்துக்குப் போன அதே ஆள்தான். பாவம், வந்தவர்களுக்கு வயிறு நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். 'வேண்டாம்' என்று சொன்னது ரசத்தை, அவரை இல்லை.

நவம்பர் வந்தது, மழை வந்தது. ஒரு சாயங்காலம் பல்கலைக்கழக வாசல் பஸ் ஸ்டாப்பில் அவன் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி அவன் வகுப்பு ஒடிசா பையன் நின்றுகொண்டிருந்தான். விடுதியில் தங்கிப் படிக்கிறவன். நாலு மாதமாக ஒரே வகுப்பு, பேசியதில்லை. ரொம்பத் திமிர் பிடித்தவன் என்பது நம்ம ஆளின் கணிப்பு. யாரோடும் சேர மாட்டான், எப்போதும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு பஸ் வந்து போனது. ஒடிசாக்காரன் முன்னால் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு ஏறாமல் பின்வாங்கினான். இன்னொன்று வந்தது. மறுபடி முன்னால் போனான், பின்வாங்கினான். மூன்றாவது பஸ்ஸும் போனது. சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. மூன்றும் புதுவை பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்தான்.

அப்போதுதான் விளங்கியது. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஸ்டாப்பில் இவ்வளவு பேர் நிற்கிறார்கள். யாரையும் கேட்கவும் இல்லை. போர்வைக்கு மேலே படுத்திருக்கிறான்!

இதைக் கண்டுபிடித்த பிறகும் அவன் உடனே போய்ப் பேசிவிடவில்லை. ஒரு வார்த்தை தயார் செய்ய அவனுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. நாலாவது பஸ் வரும்போது பக்கத்தில் போய் நின்று "பாண்டி?" என்றான். ஒடிசாக்காரன் தலையாட்டினான். "கம்" என்றான். இரண்டு பேரும் ஏறினார்கள். தினமும் கண்டக்டரிடம் சொல்கிற அதே ஒரு வார்த்தைதான் அன்றைக்கும் உதவியது.

பஸ்ஸில் உடைந்த ஆங்கிலத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். ஒடிசாக்காரன் ஆங்கிலமும் ஒன்றும் பிரமாதம் இல்லை. அவனும் தாய்மொழியில் படித்து வந்தவன்தான். கோட்டக்குப்பம் வருகிறபோது அவன் கேட்டான்: "நீ ஏன் எங்க யாரோடயும் பேச மாட்டேங்கற? எங்களப் புடிக்காதுன்னு நெனச்சேன்." நம்ம ஆளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திமிர் பிடித்தவன் என்று அவனைப் பற்றி இவன் நினைத்ததையே இவனைப் பற்றி அவனும் நினைத்திருக்கிறான்.

அப்புறம் இன்னொன்று கேட்டான். "உன் ஊர் எது? முதல் நாள் நீ வரலயா? நீ பேசின ஞாபகமே இல்லையே!"

நாலு மாதமாகக் காதில் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சிரிப்புச் சத்தம் அந்த இடத்தில் நின்றுபோனது. வகுப்பே சிரித்தது என்று நினைத்த அந்த நிமிஷம், பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஞாபகத்திலேயே இல்லை! (அடுத்த தன் முறைக்கு என்ன சொல்வது என்று அவன் மனப்பாடம் செய்துகொண்டிருந்தானாம்.) நிம்மதியாகவும் இருந்தது. 'அட, இவ்வளவுதானா நாம்' என்று கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

இது இந்த இரண்டு பையன்களின் கதை மட்டும் இல்லை. இதையெல்லாம் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2000-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு மாணவரை, போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருக்கிற ஒரு பாடகர் படம் போட்ட டி-ஷர்ட்டோடு நாலு பேர் உட்கார்ந்திருக்கிற அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர் நினைத்தார். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிக்கும் குறைவு. 2018-ல் இன்னொரு ஆய்வு. புதிதாகப் பேசிப் பழகுகிறவர்கள், எதிராளிக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஒரே விடுதியில் தங்கிய முதல் வருட மாணவர்களிடம் இந்தத் தப்புக் கணக்கு பல மாதங்கள் நீடித்தது. 1970-களில் ஸ்டான்ஃபோர்டில் பிலிப் ஜிம்பார்டோ எடுத்த கணக்கில் சுமார் 40 சதவீதம் பேர் தங்களைக் கூச்சமுள்ளவர்கள் என்று சொன்னார்கள். அது அமெரிக்கக் கணக்குதான். அதே விகிதம் இங்கேயும் என்று வைத்துக்கொண்டால் 40 பேர் வகுப்பில் 16 பேர்! அந்த 16 பேரும் தான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதற்கப்புறம் எல்லாம் மாறிவிட்டது, அவன் மேடை ஏறி வெளுத்து வாங்கினான் என்று முடித்தால் சினிமா ஆகிவிடும். அப்படி எதுவும் நடக்கவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற தைரியம் அந்த வருடம் முழுக்க வரவில்லை. ஆனால் ராமானுஜனிடமிருந்தே ஒரு வழி கிடைத்தது. நேரில் அவ்வளவு கூச்சப்பட்ட மனிதர்தான் 1913 ஜனவரி 16-ம் தேதி, முன்பின் பார்த்திராத ஹார்டிக்குத் தேற்றங்களை அடுக்கிப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினார். நாக்கில் இல்லாத தைரியம் பேனாவில் இருந்தது. நம்ம ஆளும் தன் சந்தேகத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் மேஜையில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டான். மறுநாள் ஆசிரியர், "ஒருத்தர் நல்ல கேள்வி ஒண்ணு கேட்டிருக்கார்" என்று பெயர் சொல்லாமல் கரும்பலகையில் விளக்கினார். அந்த ஆசிரியரும் ஒரு காலத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவராக இருந்திருப்பார். அதற்கப்புறம் வாரம் ஒரு காகிதம் போனது.

கேன்டீன் டோக்கன் விஷயத்தை ஒடிசாக்காரன் காட்டிக் கொடுத்தான். பஸ் பலகையைப் படிக்க இவன் சொல்லிக் கொடுத்தான். 'பு' வருகிறதா பார், வந்தால் ஏறு. அவ்வளவுதான் பாடம்.

பொங்கலுக்கு விடுதியில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒடிசாவுக்கு நாலு நாள் லீவில் போய் வர முடியாது. "எங்க வீட்டுக்கு வர்றியா?" என்று கேட்க அவனுக்கு இரண்டு நாள் ஆனது. கேட்டுவிட்டான். அம்மாவிடம், நான் இதுவரைக்கும் சொன்ன பெயரெல்லாம் பொய், இவன்தான் நிஜம் என்று முதல் நாள் இரவு சொல்லிவிட்டான். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப அந்த அதிரசத்த எல்லாம் யாருடா தின்னது?" என்றாள்.

தவளக்குப்பம் சந்திப்பில் இறங்கி, பலகையை எழுத்துக் கூட்டித் தானே படித்துவிட்டு, ஒடிசாக்காரன் வீடு வந்து சேர்ந்தான். ஆயா அவனிடம் தமிழிலேயே பேசினாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். சாப்பாட்டில் ரசம் வந்தது. ஒரு தடவை வாங்கிக்கொண்டான், இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டான். ஆயா மூன்றாம் தடவை கரண்டியோடு வந்தபோது நம்ம ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். ஒடிசாக்காரன் இரண்டு கையையும் குவித்து நீட்டினான்.

டி.சி. கடிதம் வருடக் கடைசியில் பழைய நோட்டுகளோடு காகிதக் கடைக்குப் போய்விட்டது. அவன் படிப்பை முடித்துவிட்டான். இன்றைக்கும் போனில் புது ஆளிடம் பேச வேண்டும் என்றால் முதலில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசுவான். கூச்சம் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் அது ஒன்றும் நோய் இல்லை. தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் கெட்டு உயிரையே வெறுக்கிற அளவுக்குப் போனால் அது வேறு. அதற்கு 2022-லிருந்து அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், பேசத் தயங்க வேண்டாம்.

கூச்சப்படுகிறவர்களுக்கு எல்லோரும் சொல்கிற அறிவுரை ஒன்றே ஒன்றுதான். "தைரியமா பேசுப்பா!" அதனால் யாருக்காவது பேச்சு வந்திருக்கிறதா? ராமானுஜனிடம் யாரும் போய் "தைரியமாகப் படுங்கள்" என்று சொல்லவில்லை. ஒருவர் அறைக்குள் போய்ப் பார்த்தார், போர்வையை விலக்கிக் காட்டினார்.

நாளைக்கு வகுப்புக்குப் போனால் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். திமிர் என்று நினைத்திருப்பீர்கள். நீங்களே அந்த ஜன்னல் ஆளாக இருந்தால், அடுத்த ஜன்னலில் இருக்கிறவரைப் பாருங்கள். பெரிதாக எதுவும் பேச வேண்டாம். "பாண்டி?" போதும்.